மும்பையில் ஒரே மாலையில் கேலரி ஓப்பனிங்குகள்: எங்கே தொடங்கி எங்கே முடிப்பது?

வண்ணக்குழம்பு:

வணக்கம். ஜனவரியில் மும்பை கேலரி வீக்கெண்ட் (நகரத்துக் கேலரிகள் சேர்ந்து நடத்தும் கலை நிகழ்வு) நடக்கும் வாரத்தில் அலுவலக வேலையாக அங்கே இருப்பேன். அக்காவும் கூட வருகிறார். ஓவியக் கல்லூரியில் படித்தவர், ஆனால் சென்னைக்கு வெளியே கேலரி பார்த்ததில்லை. வியாழக்கிழமை எனக்கு பி.கே.சி.யில் (பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸ்) நாலு மணிக்கு வேலை முடிந்துவிடும். அன்று மாலை தென் மும்பையில் பல இடங்களில் ஒரே நேரத்தில் ஓப்பனிங், அதாவது புதுக் கண்காட்சியின் தொடக்க மாலை, என்று அட்டவணை சொல்கிறது. ராத்திரி தங்குவது மாட்டுங்காவில் சித்தப்பா வீட்டில்.

அழைப்பிதழ் இல்லாமல் உள்ளே விடுவார்களா? ஒரு மாலையில் எத்தனை இடம் பார்க்க முடியும், எந்த வரிசையில்? அக்காவுக்கு முழங்கால் தகராறு, மூன்று மாடி ஏறினால் மறுநாள் நடக்க முடியாது. பிடித்திருந்தால் ஐம்பதாயிரத்துக்குள் ஒன்று வாங்கலாம் என்றும் எண்ணம். சுவரில் விலை போட மாட்டார்கள் என்கிறார்களே, யாரிடம் எப்படிக் கேட்பது? "போங்க, ஜாலியா இருக்கும்" மாதிரி பதில் வேண்டாம். விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள்.

கோட்டைச்சுவர்:

அழைப்பு தேவையில்லை, டிக்கெட்டும் கிடையாது. கதவு திறந்திருந்தால் நேரே உள்ளே போகலாம். 'ப்ரிவ்யூ' என்று தனியாகப் போட்டிருந்தால் மட்டும் அது வாங்குபவர்களுக்கும் பத்திரிகைக்காரர்களுக்கும் வைத்தது, அந்த நேரத்தைத் தவிர்த்துவிடுங்கள். பொதுவான ஓப்பனிங் மாலை ஆறிலிருந்து ஒன்பது வரை. உடை எதுவானாலும் சரி, செருப்பு மட்டும் காலுக்குப் பழகியதாக இருக்க வேண்டும். நடை அதிகம்.

எண்ணிக்கையைப் பொறுத்தவரை நாலுதான் என் கணக்கு. அட்டவணையில் இருபது, முப்பது பெயர் இருக்கும், அதைப் பார்த்து மயங்க வேண்டாம். ஓர் இடத்துக்கு முப்பத்தைந்து நிமிடம், இடையில் நடக்க, லிஃப்டுக்குக் காத்திருக்க, தெரிந்த முகத்திடம் இரண்டு வார்த்தை பேச இன்னொரு பதினைந்து. ஆறிலிருந்து ஒன்பதுக்குள் இதற்குமேல் திணித்தால் படம் மனதில் நிற்காது, படிக்கட்டுதான் நிற்கும்.

பி.கே.சி.யிலிருந்து வருபவருக்கு இப்போது ரொம்ப வசதி. மெட்ரோ மூன்றாம் தடம் 2025 அக்டோபரிலிருந்து கஃப் பரேட் வரை முழுதாக ஓடுகிறது. பி.கே.சி. நிலையத்தில் ஏறி ஹுதாத்மா சௌக்கில் இறங்குங்கள், வண்டி மாற வேண்டாம். அந்த நேரத்தில் காரில் வந்தால் எப்போது வந்து சேர்வீர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. ஐந்து மணிவாக்கில் நிலத்தடி நிலையத்திலிருந்து மேலே வந்துவிடலாம்.

ஐந்துக்கு ஓப்பனிங் எதுவும் தொடங்கியிருக்காது. அன்று பகல் முழுக்க படம் மாட்டுகிற, விளக்கு திருப்புகிற வேலை நடக்கும், ஆறுக்கு முன் கதவைத் தட்டுவதில் பயனில்லை. அந்த ஒரு மணி நேரத்துக்கு காலா கோடாவில் ஜெஹாங்கிர் ஆர்ட் கேலரிக்குப் போங்கள். 1952-இல் தொடங்கியது, இலவசம், ஏழு மணிக்கு மூடிவிடும். அதை எட்டு மணிக்கு என்று தள்ளி வைக்கிறவர்கள் பூட்டிய கதவைத்தான் பார்ப்பார்கள். ஒன்று தெரிந்துகொண்டு போங்கள்: ஜெஹாங்கிரில் கலைஞர்கள் விண்ணப்பித்து, தேர்வாகி, வாடகை கட்டி ஒரு வாரத்துக்கு அறையை எடுக்கிறார்கள். அதனால் ஒரே கட்டடத்தில் அடுத்தடுத்த அறைகளில் தரம் மேலும் கீழுமாக இருக்கும். கலைஞரே பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார், நேரே பேசலாம். வாசல் நடைபாதையிலும் ஓவியர்கள் படம் வைத்து விற்கிறார்கள். உள்ளே இருந்த சமோவார் கஃபே 2015-லேயே மூடியாகிவிட்டது, பழைய கட்டுரைகளைப் படித்துவிட்டு டீ குடிக்கத் தேடாதீர்கள்.

ஆறுக்குச் சரியாக செமோல்ட் பிரஸ்காட் ரோட்டில் இருங்கள். குவீன்ஸ் மேன்ஷன், மூன்றாம் மாடி, ஃபோர்ட்டில் கதீட்ரல் பள்ளிக்கு அருகே. நாட்டின் பழைய தற்காலக் கலை கேலரிகளில் ஒன்று. கேகூ காந்தி, கோர்ஷெட் காந்தி தம்பதியர் 1963-இல் ஜெஹாங்கிர் கட்டடத்திலேயே தொடங்கினார்கள், 2007-இல் இங்கே மாறியது. படச் சட்டம் செய்யும் கம்பெனியின் பெயர்தான் செமோல்ட், கெமிக்கல் மோல்டிங்ஸ் என்பதன் சுருக்கம். அதுல் தோதியா, ஜிதிஷ் கல்லாட், ஷில்பா குப்தா எல்லாம் இங்கே காட்டுகிறவர்கள். கூடம் பெரியது, பெரிய அளவு வேலைகளை இங்கேதான் மூச்சுவிட்டுப் பார்க்க முடியும். முதல் அரை மணி நேரம் காலியாக இருக்கும் என்பதால்தான் இதை முதலில் வைத்தேன்.

ஆறே முக்காலுக்குக் கிளம்பி டாக்ஸி பிடித்து தாஜ் ஹோட்டலுக்குப் பின்னால் மெரிவெதர் ரோடு. நகரத்தின் இந்தப் பகுதியில் ஆட்டோ ஓடாது, கறுப்பு மஞ்சள் டாக்ஸிதான். ஓட்டுநரிடம் கேலரி பெயரைச் சொல்லிப் பிரயோஜனமில்லை. 'தாஜ் கே பீச்சே' (தாஜுக்குப் பின்னால்) என்றால் போதும். மேப்பில் தெருப் பெயர்கள் வேறாக இருக்கும் என்பதையும் கவனியுங்கள். பிரஸ்காட் ரோடு ஜி. தல்வட்கர் மார்க், ஆர்தர் பந்தர் ரோடு ஹாஜி நியாஸ் அகமது ஆஸ்மி மார்க் என்று காட்டும். அழைப்பிதழில் ஒரு பெயர், பலகையில் இன்னொன்று.

மெரிவெதர் ரோட்டில் இரண்டு இடம் பக்கத்துப் பக்கத்தில்: தேவிதாஸ் மேன்ஷன் மூன்றாம் மாடியில் ஜவேரி கன்டெம்பரரி, சன்னி ஹவுஸில் எக்ஸ்பெரிமென்டர். பின்னது கொல்கத்தா கேலரி, 2022-இல் இங்கே கிளை திறந்தார்கள். இரண்டையும் எட்டு, எட்டேகாலுக்குள் முடித்துவிடலாம். பிறகு ஐந்தாறு நிமிட நடையில் ஆர்தர் பந்தர் ரோடு, கமல் மேன்ஷன் முதல் மாடியில் சாட்டர்ஜி அண்ட் லால். நிகழ்த்துக்கலை (பெர்ஃபார்மன்ஸ் ஆர்ட்) மீது ஆர்வம் உள்ளவர்கள் தவறவிடக் கூடாத இடம், நிகில் சோப்ராவின் வேலைகளைத் தொடர்ந்து காட்டியவர்கள். தெம்பு மிச்சமிருந்தால் கொலாபா தீயணைப்பு நிலையத்தை ஒட்டி ப்ராஜெக்ட் 88. பழைய அச்சகக் கட்டடம், தரைத்தளம், சுமார் 4,000 சதுர அடி. ஆனால் இதை நாலு கணக்கில் நான் சேர்க்கவில்லை.

அக்கா விஷயம். இந்தக் கட்டடங்கள் எல்லாம் பழசு. லிஃப்ட் இருக்கிற இடத்திலும் பெரும்பாலும் இரும்புக் கிராதிக் கதவு போட்ட சின்னக் கூண்டு, மூன்று நான்கு பேர்தான் பிடிக்கும். உள் கதவு, வெளிக் கதவு இரண்டும் முழுக்கச் சாத்தினால்தான் நகரும். மேல் மாடியில் இறங்கின யாராவது கிராதியை அரை இஞ்ச் விட்டுவிட்டுப் போனால் லிஃப்ட் அங்கேயே நிற்கும், கீழே பொத்தானை எவ்வளவு அழுத்தினாலும் வராது. ஓப்பனிங் ராத்திரியில் இது சகஜம். ஆகவே முந்தின நாளே போன் செய்து 'லிஃப்ட் ஓடுகிறதா, தெருவிலிருந்து லிஃப்ட் வரை எத்தனை படி' என்று இரண்டு கேள்வி கேட்டுவிடுங்கள். இரண்டாவது கேள்வி முக்கியம். வாசலிலேயே ஆறேழு படி ஏறித்தான் லிஃப்டைத் தொட முடியும் என்கிற கட்டடங்கள் உண்டு.

தீப்பெட்டி:

கோட்டைச்சுவர் சொன்ன இடங்கள் சரி, வரிசையை நான் தலைகீழாக வைப்பேன். மாட்டுங்கா திரும்ப வேண்டியவர் சி.எஸ்.எம்.டி.யில்தான் (ஃபோர்ட் பக்கத்து சத்ரபதி சிவாஜி டெர்மினஸ்) ரயில் ஏற வேண்டும். ஒன்பது மணிக்கு கொலாபாவில் டாக்ஸிக்காரர்கள் பக்கத்துச் சவாரிக்கு மசிய மாட்டார்கள். கொலாபாவில் ஆறுக்குத் தொடங்கி ஃபோர்ட்டில் முடித்தால் நடந்தே ஸ்டேஷன் போய்விடலாம். மெரிவெதர் ரோடு கூட்டமும் ஏழரைக்கு மேல்தான் நிரம்பும், அதற்குள் நீங்கள் வெளியே வந்திருப்பீர்கள்.

ரயிலில் ஸ்லோ வண்டி பாருங்கள், ஃபாஸ்ட் மாட்டுங்காவில் நிற்காது. இரவு உள்ளூர் ரயில் நள்ளிரவு வரை இருக்கிறது, பதற வேண்டாம்.

கோட்டைச்சுவர்:

ரயில் வாதம் நியாயம்தான். ஆனால் செமோல்ட் கூடத்தை எட்டரை மணிக் கூட்டத்தில் பார்ப்பதைவிட டாக்ஸிக்கு நாலு பேரிடம் கை நீட்டுவது மேல் என்பது என் கட்சி. முழங்கால் காரணமாகவும் மூன்றாம் மாடிகளை மாலையின் தொடக்கத்தில் வைப்பதே உத்தமம். கொலாபாவில் முடிந்தால் சாப்பாட்டுக்கும் வழி இருக்கிறது: சைவம் என்றால் பாஸ்தா லேன் பக்கம் கைலாஷ் பர்பத், அசைவம் என்றால் தாஜ் பின்புறம் படே மியா. கேலரியில் வைக்கும் முந்திரியை நம்பி யாரும் ராத்திரியை ஓட்ட முடியாது.

அரைவட்டம்:

வழி சொல்லியாகிவிட்டது. உள்ளே போன பிறகு என்ன செய்வது என்று கொஞ்சம் எழுதுகிறேன், ஏனென்றால் ஓப்பனிங் ராத்திரி என்பது படம் பார்ப்பதற்கு மிக மோசமான நேரம். இதை ஏற்றுக்கொண்டால் மாலை சுகமாக இருக்கும். அன்று நீங்கள் செய்ய வேண்டியது சலித்தெடுப்பது: எதற்குத் திரும்ப வருவது, எதை விட்டுவிடுவது. கேலரி வீக்கெண்ட் என்பதால் வழக்கமாக ஞாயிறு பூட்டியிருக்கும் இடங்களும் திறந்திருக்கும். வியாழன் பார்த்து வைத்து, சனி காலை பதினொன்றரைக்கு வெறிச்சோடிய கூடத்தில் திரும்பப் பாருங்கள். அட்டவணையில் 'வாக்த்ரூ' என்று இருப்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கலைஞரோ தொகுப்பாளரோ ஒவ்வொரு படைப்பின் முன்னும் நின்று பேசுவார், கேள்வி கேட்கலாம். ஒரு ஷோ பொதுவாக ஐந்தாறு வாரம் ஓடும், எதுவும் ஓடிப்போகாது.

உள்ளே நுழைந்ததும் சுவரில் இருக்கும் நீண்ட உரையின் முன் நிற்காதீர்கள், அங்கேதான் நெரிசல். அதே உரை முகப்பு மேசையில் ஒரு தாளாகவோ க்யூஆர் கோடாகவோ கிடைக்கும். முதலில் கூடத்தை ஒரு சுற்று நிற்காமல் நடந்துவிட்டு, கால் தானாக நின்ற இரண்டு மூன்று இடத்துக்கு மட்டும் திரும்புங்கள். உரையை டாக்ஸியில் படித்துக்கொள்ளலாம்.

படப் பட்டியலில் அளவு போட்டிருப்பார்கள். முதல் எண் உயரம், இரண்டாவது அகலம். 36 x 48 என்றால் படுக்கைவாட்டம். வீட்டுச் சுவரை மனதில் வைத்துப் பார்க்கிறவர்கள் இதை மாற்றிப் படித்துவிட்டு அப்புறம் முழிப்பார்கள். பக்கவாட்டிலும் ஒரு கண் வையுங்கள். கேன்வாஸின் விளிம்பில் கலைஞர் எப்படி முடித்திருக்கிறார், ஆணி எங்கே, வண்ணம் வழிந்து நின்றிருக்கிறதா என்பதெல்லாம் முன்பக்கத்தைவிட நிறையச் சொல்லும். படித்தவர் என்பதால் அக்காவுக்கு இது சொல்லித் தர வேண்டாம்.

வீடியோ வேலைகளுக்கு ஒரு முறை உண்டு. பெயர்ச்சீட்டில் எத்தனை நிமிடம் என்று பாருங்கள். 40 நிமிடம் என்றிருந்தால் அன்று உட்காராதீர்கள். பேச்சுச் சத்தத்தில் ஒலி கேட்காது, ஒலி கேட்காத வீடியோவைப் பார்த்து முடிவுக்கு வருவது அந்த வேலைக்குச் செய்யும் அநியாயம். நாலைந்து நிமிட லூப் என்றால் பாருங்கள். ஹெட்போன் ஒன்றே ஒன்று தொங்கினால் ஒரு சுற்று முடிந்ததும் அடுத்தவருக்குக் கொடுத்துவிடுங்கள்.

கூட்டத்தில் நடக்கிற விபத்துகள் பெரும்பாலும் ஒரே மாதிரி: படத்தை முழுதாகப் பார்க்க ஒருவர் பின்னோக்கி இரண்டடி வைப்பார், பின்னால் பீடத்தில் ஒரு பீங்கான் இருக்கும். பின்னால் நகரும் முன் தலையைத் திருப்புங்கள். முதுகுப்பையை முன்னால் மாட்டிக்கொள்ளுங்கள், அல்லது மேசையில் கொடுத்துவிடுங்கள். தரையில் குவித்து வைத்த மணல், செங்கல், கயிறு எதுவாயினும் படைப்பு என்றே எடுத்துக்கொண்டு சுற்றி நடங்கள். கண்ணாடித் தம்ளரை எந்தப் பீடத்தின் மேலும் வைக்கக் கூடாது, காலியாகத் தெரிகிற பீடத்தின் மேலும்தான். பல இடங்களில் சிவப்பு ஒயின் ஊற்றாமல் வெள்ளை மட்டும் ஊற்றுவதற்கு வேறு காரணம் இல்லை, கறைதான். போட்டோ எடுக்கலாம், ஃப்ளாஷை அணைத்துவிடுங்கள். கலைஞரிடம் பேச ஆசை என்றால் முதல் இருபது நிமிடம் அல்லது கடைசி இருபது நிமிடம். நடுவில் அவரைச் சுற்றி வளையம் இருக்கும். 'இதுக்கு என்ன அர்த்தம்' என்று தொடங்காமல் எதால் செய்தார், ஏன் இந்த அளவு என்று கேட்டால் நிஜமான பதில் வரும்.

வண்ணக்குழம்பு:

நன்றி, இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. வரிசையில் கோட்டைச்சுவர் பக்கம் சாய்கிறேன். வாங்குவது பற்றி யாராவது? ஐம்பதாயிரம் என்று சொன்னால் சிரிப்பார்களா? அன்றைக்கே கையில் எடுத்துக்கொண்டு வர முடியுமா? ஞாயிறு மாலை சென்னை விமானம்.

சதுரஅடி:

சிரிக்க மாட்டார்கள். ஆனால் மேலே சொன்ன கேலரிகளில் கேன்வாஸ் என்பது பெரும்பாலும் லட்சங்களில்தான். உங்கள் தொகைக்குத் தேட வேண்டியது காகித வேலைகள், சின்ன கோட்டோவியங்கள், எடிஷன் போட்ட (எண்ணிக்கை வரையறுத்து அச்சிட்ட) பிரிண்ட், புகைப்படம். இளம் கலைஞர்களை அதிகம் காட்டும் டார்க் கேலரியையும் சனிக்கிழமைப் பட்டியலில் சேருங்கள், ஃபோர்ட்டில் ஆசாத் மைதானப் பக்கம். ஜெஹாங்கிரில் இந்தத் தொகைக்குக் கேன்வாஸே கிடைக்கும். அங்கே வாங்கினால் பின்னால் பேசிக்கொள்ள ஒரு கேலரி இருக்காது, கலைஞரின் போன் நம்பர்தான் இருக்கும். அதை வைத்து முடிவு செய்யுங்கள்.

விலை கேட்க: முகப்பு மேசையில் இருப்பவரிடம் 'விலையோடு ஒர்க்ஸ் லிஸ்ட் கிடைக்குமா' என்று கேட்டால் போதும். அச்சில் தருவார்கள், அல்லது வாட்ஸாப்பில் பிடிஎஃப் அனுப்புவார்கள். விற்றாகிவிட்டது என்று காட்டும் சிவப்புப் பொட்டை இப்போது சுவரில் பல இடங்களில் ஒட்டுவதில்லை, லிஸ்டில்தான் குறிப்பார்கள். பாதிப் பொட்டு அல்லது 'ரிசர்வ்' என்றால் ஒருவர் பிடித்து வைத்திருக்கிறார், இன்னும் பணம் கட்டவில்லை என்று பொருள். அடுத்தவராக உங்கள் பெயரை எழுதச் சொல்லலாம், கிடைப்பதும் உண்டு. உங்கள் தொகையை மறைக்காமல் சொல்லுங்கள். பின் அறையில் இந்த ஷோவில் தொங்காத சின்ன வேலைகள் டிராயரில் இருக்கும், தொகை தெரிந்தால்தான் எடுத்துக் காட்டுவார்கள்.

பிடித்திருந்தால் 'ஹோல்டு' கேளுங்கள். இரண்டு மூன்று நாள் பிடித்து வைப்பது வழக்கம், முன்பணம் கேட்பதில்லை. வேண்டாம் என்று தோன்றினால் மெசேஜ் அனுப்பி விடுவித்துவிடுங்கள். ஹோல்டு போட்டுவிட்டு ஊர் போய்ச் சேருகிறவர்களுக்கு அடுத்த முறை அந்த டிராயர் திறக்காது.

தள்ளுபடி கேட்பது தப்பில்லை. ஐந்து, பத்து சதவீதம் வரை பேச்சுக்கு இடம் உண்டு. அதை ஓப்பனிங் அன்று கலைஞர் காதுபடக் கேட்கக் கூடாது, மறுநாள் கேளுங்கள். விற்ற தொகையில் கேலரியும் கலைஞரும் பாதிப் பாதி என்பதே பரவலான ஏற்பாடு, தள்ளுபடி பல சமயம் இருவர் பங்கிலிருந்தும் போகிறது. கேலரியில் பார்த்துவிட்டு கலைஞரின் ஸ்டூடியோவுக்கு நேரே போய்க் குறைந்த விலைக்குக் கேட்பதுதான் இந்தத் தொழிலில் மன்னிக்கப்படாத காரியம்.

கணக்கு இப்படி: ஓவியம், அச்சுப்படம், சிற்பம் ஆகியவற்றுக்கு ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 ஆக இறங்கிவிட்டது. 45,000 ரூபாய் வேலைக்கு 2,250 சேர்ந்து 47,250. லிஸ்டில் இருக்கும் விலை பொதுவாக வரிக்கு முந்தையது. அதனால் மூன்று கேள்வியைச் சேர்த்தே கேளுங்கள்: வரி சேர்ந்ததா, படச்சட்டம் சேர்ந்ததா, அனுப்பும் செலவு யாருடையது? 48,000 விலையுள்ள வேலை வரியிலேயே உங்கள் ஐம்பதைத் தாண்டிவிடும், சட்டமும் பார்சலும் வெளியே என்றால் இன்னும் ஏறும். 42,000, 43,000-க்கு மேல் கண் வைக்காதீர்கள்.

எடிஷன் என்றால் '3/8 + 2 ஏ.பி.' (ஆர்ட்டிஸ்ட் புரூஃப்) மாதிரி எழுதியிருக்கும். மொத்தம் எட்டு, இது மூன்றாவது, அதற்கு வெளியே கலைஞர் தனக்கென வைத்துக்கொள்ளும் இரண்டு. எட்டில் பாதி விற்ற பின் மிச்சத்தின் விலையை ஏற்றுவது வழக்கம், 7/8 ஏன் அதிகம் என்று சண்டை போட வேண்டாம். கேட்க வேண்டியது வேறு: இதே படம் வேறு அளவிலும் எடிஷன் போட்டிருக்கிறாரா? என்ன காகிதம், என்ன மை? பருத்திக் காகிதத்தில் பிக்மென்ட் மை என்றால் நல்லது. பதிலைப் பில்லில் எழுதி வாங்குங்கள்.

பில்லில் கலைஞர் பெயர், தலைப்பு, ஆண்டு, ஊடகம், அளவு, எடிஷன் எண் எல்லாம் இருக்க வேண்டும். 'ஒரு ஓவியம்' என்று மொட்டையாக எழுதியதை வாங்காதீர்கள். கையொப்பமிட்ட சான்றிதழ் தனியாக. இரண்டையும் ஸ்கேன் செய்து வைத்துக்கொண்டு, மூலத்தைப் படத்தின் பின்னால் ஒட்டாமல் கோப்பில் வையுங்கள். பதிப்புரிமை கலைஞரிடமே இருக்கும். சுவரில் மாட்டலாம், காலண்டராக அச்சடிக்க முடியாது.

அன்றைக்கே எடுத்துப் போவது: சுவரில் தொங்குகிற வேலை என்றால் முடியாது. ஷோ முடிந்து இறக்கிய பிறகே கைக்கு வரும், அதாவது பிப்ரவரி மூன்றாம் வாரம்போல். டிராயரிலிருந்து எடுத்ததை மட்டும் பணம் கட்டியதும் கொடுப்பார்கள். எடிஷனில் அடுத்த பிரதி தயாராக இருந்தாலும் கிடைக்கும்.

ஈயத்தகடு:

படச்சட்டம் போடுகிறவன் என்ற முறையில் விமானப் பகுதிக்கு மட்டும் பதில்.

காகித வேலையை மும்பையில் சட்டம் போடாதீர்கள், வெறுமனே வாங்கிச் சென்னையில் போடுங்கள். ஏ3 அளவுவரை (42 x 29.7 செ.மீ.) தட்டையாகவே கைப்பையில் போகும், உள்நாட்டு கேபின் பைக்கு 55 x 35 செ.மீ. இடம் இருக்கிறது. படத்தின் முகத்தில் அமிலமில்லாத கிளாசின் தாள் (வழவழப்பான மெல்லிய தாள்), அதன் இருபுறமும் படத்தைவிட எல்லாப் பக்கமும் 2 செ.மீ. பெரிதாக வெட்டிய ஃபோம் போர்டு, மூலைகள் நகராதபடி காகித முக்கோணம். செல்லோடேப் படத்தில் எங்கேயும் படக் கூடாது. பபிள் ராப்பின் கொப்புளம் நேராகக் காகிதத்தில் பட்டால் வெயிலில் வட்ட வட்டமாக அச்சு விழும், அது வெளி உறைக்கு மட்டும். செக்-இன் பெட்டியில் போடவே போடாதீர்கள்.

பெரிய அளவு என்றால் சுருட்டலாமா என்று கேட்பீர்கள். மெல்லிய வரைகோடு, பிக்மென்ட் பிரிண்ட் சுருட்டலாம். குவாஷ் (ஒளி ஊடுருவாத நீர்வண்ணம்), கனத்த அக்ரிலிக், கரிக்கோல், பாஸ்டல் கூடாது. ஒன்று விரிசல் விடும், இல்லை தூள் உதிரும். குழாய் விட்டம் குறைந்தது 12 செ.மீ. இருக்கட்டும். கேன்வாஸ் என்றால் வண்ணப் பக்கம் வெளியே இருக்கும்படி சுருட்ட வேண்டும். உள்ளே வைத்துச் சுருட்டினால் வண்ணம் நெருங்கி நசுங்கி, விரிக்கும்போது உடையும். வந்து சேர்ந்த அன்றே பிரித்து, சுத்தமான தாளுக்கு நடுவில் ஒரு நாள் தட்டையாக வையுங்கள்.

ஏற்கெனவே சட்டம் போட்டிருந்தால் முன்னால் இருப்பது கண்ணாடியா அக்ரிலிக்கா என்று கேளுங்கள். விரல் முட்டியால் மெல்லத் தட்டினாலே தெரியும்: கண்ணாடி கணீரென்று ஒலிக்கும், அக்ரிலிக் மந்தமாக. கண்ணாடி என்றால் மாஸ்கிங் டேப்பை மூலைக்கு மூலை நட்சத்திரம்போல் ஒட்டி அனுப்பச் சொல்லுங்கள், உடைந்தாலும் சில்லு படத்தைக் கிழிக்காது. அக்ரிலிக் மேல் டேப் ஒட்டினால் பசை தங்கிவிடும், அதைத் துடைக்கப் போய்க் கீறல் விழும்.

சென்னையில் மாட்டும்போது: மழை பட்டு ஊறும் வெளிச்சுவரில் வேண்டாம், உள்சுவர் பாருங்கள். படம் கண்ணாடியைத் தொடாமல் நடுவில் 4, 5 மி.மீ. இடைவெளி விடச் சொல்லுங்கள், அமிலமில்லாத மவுண்ட் (படத்தைச் சுற்றி வைக்கும் அட்டை) என்று அழுத்திச் சொல்லுங்கள். சாதா மவுண்ட் போட்டால் சில வருடத்தில் வெட்டு விளிம்பை ஒட்டிப் பழுப்புக்கோடு படத்தில் இறங்கிவிடும். சட்டத்தின் பின்பக்கக் கீழ் மூலைகளில் இரண்டு ரப்பர் பொட்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று போகும். நம் ஊர் ஈரத்தில் பூஞ்சை பெரும்பாலும் பின்பக்க அட்டையில்தான் பிடிக்கத் தொடங்குகிறது, மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை கழற்றிப் பின்பக்கத்தைப் பாருங்கள்.

தீப்பெட்டி:

ஒரு சின்ன சேர்க்கை. ஞாயிறு மாலை விமானம் என்றால் சனிக்கிழமையே பணத்தை முடித்துவிடுங்கள். ஞாயிறு கேலரி திறந்திருந்தாலும் பில் போடுகிறவர் இருப்பார் என்று சொல்ல முடியாது, பில் இல்லாமல் படத்தை வெளியே விட மாட்டார்கள். திரும்பும்போதும் அதே மெட்ரோதான்: ஹுதாத்மா சௌக்கில் ஏறினால் விமான நிலைய டி2-வுக்கு நேரே போகிறது. டி1 என்றால் அதற்குத் தனி நிலையம், டிக்கெட்டில் எந்த டெர்மினல் என்று பார்த்துவிட்டு ஏறுங்கள்.